நியமனக் கடிதத்துக்குப் பிறகு

யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக விரும்பும் பிள்ளைகளில் பலர் ஒருநாள் கோப்பாய்க்கு வருவார்கள். பழைய ஆசிரிய கலாசாலை இங்கே இருக்கிறது. தேசிய கல்வியியற் கல்லூரியும் இங்கேதான். புதிய அணி சேரும் நாளில் பருத்தித்துறை வீதி பஸ்ஸில் இருந்து பெட்டியும் தலையணையுமாக இறங்கும் பிள்ளைகளைப் பார்த்தால், அவர்களில் சிலரை எனக்கு உடனே விளங்கிவிடும். வீட்டில் தனக்கு முன் எவரும் அரசாங்க உத்தியோகம் பார்த்திராத பிள்ளை. கூட வந்த தகப்பன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். படிவத்தில் எந்த இடத்தில் கையெழுத்து வைப்பது என்று தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளை புள்ளி எடுத்து, தெரிவாகி, வந்துவிட்டாள். இனி அறுபது வயது வரை உத்தியோகம் பார்க்கப்போகிறாள். அத்தனை வருடமும் அவளுக்கு யார் துணை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நானும் அப்படி வந்தவள். அப்பா பனை ஏறியவர். தவறணைக்காரர் கொடுத்ததுதான் எங்கள் வீட்டு வருமானமாக இருந்தது. எழுபதுகளில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகு கள்ளுக்குக் கணக்கும் சிட்டையும் வந்தது, மாதத்தில் இவ்வளவு வரும் என்று நம்பக்கூடிய காசு வந்தது. அந்தக் காசுதான் என்னை ஏ.எல். வரை படிப்பித்தது. சாதியைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது, ஆகவே சொல்லிவிடுகிறேன்: யாழ்ப்பாணம் பஞ்சமர் என்று ஒதுக்கிவைத்த ஐந்து சமூகங்களில் ஒன்றில் பிறந்தவள் நான். எங்கள் குறிச்சியில் இருந்து ஆசிரியராகப் போன முதல் பெண்ணும் நான்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் நியமனக் கடிதம் வந்த நாள் அம்மா அதைச் சாமிப் படத்தடியில் வைத்தார். பயிற்றப்படாத ஆசிரியையாக ஒரு கிராமப் பாடசாலைக்குப் போனேன். ஆசிரியர் அறையில் முதல் கேள்வி வந்தது.

“ரீச்சர் எந்த இடம்?”

“கோப்பாய்.”

“கோப்பாயிலை எந்தப் பக்கம்?”

சொன்னேன்.

“கோயில் எது உங்களுக்கு?”

யாழ்ப்பாணத்தார் இந்த மூன்று கேள்வியிலேயே ஒருவரின் சாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நான்காவது கேள்வி கேட்கப்படவில்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்தபோது எல்லாருடைய கறியும் எல்லார் பெட்டிக்கும் போனது. என் அம்மா விடியவெள்ளனச் சமைத்துத் தந்த கத்தரிக்காய்க் குழம்பை மட்டும் எவரும் எடுக்கவில்லை. ஒருவர் தனக்கு விரதம் என்றார், மற்றவர் வயிறு சரியில்லை என்றார். ஒருவரும் என்னை ஏசவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. அந்தப் பாடசாலையில் நான் இருந்த காலம் முழுவதும் என் பெட்டிக்கு விரதம் முடியவில்லை.

இந்த இடத்துக்கு வர எங்கள் சமூகம் பட்ட பாடு சின்னதல்ல. வடமராட்சியில் கா. சூரன் தேவரையாளியில் பாடசாலை தொடங்கியது 1914 ஆம் ஆண்டு. ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் தங்கள் சொந்தப் பள்ளிக்கூடத்தில் தலைநிமிர்ந்து இருந்து படிக்க அது வழி செய்தது. மற்றப் பாடசாலைகளில் எங்கள் பிள்ளைகளுக்கு நிலம்தான் இடம், வாங்கில் இருக்க முடியாது. 1929-30 காலத்தில் அரச உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வேண்டும் என்று கல்வித் திணைக்களம் வற்புறுத்தியபோது குடாநாட்டில் பாடசாலைகளையே கொளுத்தினார்கள். ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் முன்னின்ற யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கமும் சம போசனத்தின் பக்கமும் நின்றது. நாற்பதுகளில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை எழுந்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1966 ஒக்டோபர் 21 அன்று தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனார்கள். 1968 இல் உள்ளே போக உரிமை கேட்டு மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்றார்கள். 1970 இல் மகாசபையின் எம்.சி. சுப்பிரமணியம் நாடாளுமன்றத்துக்கு நியமன உறுப்பினராகப் போனார்.

இந்தப் போராட்டங்களால்தான் என் கையில் நியமனக் கடிதம் வந்தது. இன்னொரு காரணமும் உண்டு. 1960-61 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அதற்கு முன் ஆசிரியரை நியமிப்பது பாடசாலை முகாமையாளர் கையில் இருந்தது, முகாமையாளரைத் தெரிந்த குடும்பத்துக்குத்தான் வேலை. பிறகு நியமனம் திணைக்களத்துக்குப் போனது. என் கடிதத்தில் கையெழுத்திட்டவருக்கு என் கோயில் எது என்று தெரியாது. அதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஆனால் மேலே நான் சொன்ன பெயர்களைத் திருப்பிப் பாருங்கள். எல்லாம் ஆண்கள். ஊர்வலத்தில் பெண்கள் நடந்தார்கள், கோயில் வாசலில் பெண்கள் கிடந்தார்கள், ஒளிந்து திரிந்தவர்களுக்குப் பெண்கள் சோறு கட்டிக் கொடுத்தார்கள். பெயர்கள் அச்சேறவில்லை. எழுத்துலகிலும் அப்படித்தான். டொமினிக் ஜீவா தன் சலூனில் இருந்துகொண்டு 1966 இல் ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கினார். எழுத வந்த எத்தனையோ இளைஞர்களுக்கு அந்தச் சலூன் பள்ளிக்கூடமாக இருந்தது. மூத்தவர் இருப்பார், பேச்சு நடக்கும், கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துத் திருத்தம் வாங்கலாம். ஒரு பெண்பிள்ளை போய்ச் சலூன் வாங்கில் இருக்க முடியுமா? அவளுக்கு அப்படி ஓர் இடம் எங்கே இருந்தது?

எனக்கு அது கோப்பாய்க் கலாசாலையில் கிடைத்தது. எண்பதுகளின் நடுப்பகுதியில் பயிற்சிக்காக இங்கே வந்தேன். விடுதி அறையில் நாங்கள் சில பேர், வேறு வேறு ஊர். ஒருத்தி தீவுப்பகுதி, ஒருத்தி வன்னி, ஒருத்தி பருத்தித்துறைப் பக்கம். அந்தப் பருத்தித்துறைப் பிள்ளைக்கு ஒரு பெரியம்மா முறையான ஆசிரியை இருந்தார், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், எங்கள் சமூகத்தவர். அவளைப் பார்க்க மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். பனங்கட்டியும் எள்ளுருண்டையும் கொண்டுவருவார். மரத்தடியில் எங்கள் எல்லாரையும் இருத்திக் கதைப்பார். எல்லாரும் அவரைப் பெரிய ரீச்சர் என்போம்.

அவர் எங்களுக்குப் புத்திமதி சொன்னதாக எனக்கு நினைவில்லை. கேள்விதான் கேட்பார்.

“பிள்ளை, அண்டைக்குக் கந்தோருக்குக் குடுத்த கடிதத்தின்ர கொப்பி வைச்சிருக்கிறியே?”

“இல்லை ரீச்சர்.”

“கொப்பி இல்லாமல் ஒரு கடதாசியும் குடுக்காதை. குடுத்தால் திகதி போட்டுக் கையெழுத்து வாங்கு. நாளைக்கு உன்ரை கோவை துலைஞ்சால் உனக்காக அங்கை எழும்பித் தேட உன்ரை மாமா இருக்கிறாரே?”

இந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் பிரச்சினை முழுவதும் இருக்கிறது. என்னோடு படித்த மற்றப் பிள்ளைகளுக்குக் கந்தோரில் மாமா இருந்தார். அதிபராக இருந்த தாத்தா, கல்வி அதிகாரியாக இருந்த சித்தப்பா, பிரதம லிகிதராக இருந்த பக்கத்து வீட்டு அண்ணை இருந்தார்கள். சம்பள ஏற்றப் படிவம் எப்போது போகவேண்டும், கடமை லீவுக்கும் தற்செயல் லீவுக்கும் என்ன வித்தியாசம், இடமாற்றச் சபைக்கு மேன்முறையீடு எழுதுவது எப்படி, அதிபர் சேவைக்கான மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை வருகிறதா இல்லையா என்பதெல்லாம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தானாக வந்துவிடும். எங்கள் வீட்டில் பனையைப் பற்றியும் பாளையைப் பற்றியும் எல்லாம் தெரியும். தாபன விதிக்கோவையைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. அதற்காக என் அப்பாவை நான் குறைவாக நினைத்ததில்லை. ஆனால் தெரியாததால் ஒரு மனிசி இழக்கக்கூடியது நிறைய. ஒரு படிவம் பிந்தினால் தரமுயர்வு பிந்தும், தரமுயர்வு பிந்தினால் சம்பளம் குறையும், கடைசியில் ஓய்வூதியத்திலும் அது தெரியும்.

வெள்ளிக்கிழமை வர்த்தமானியை வாசிக்கச் சொல்லித் தந்தவரும் பெரிய ரீச்சர்தான். அது வெளிவரும், பாடசாலைக் கந்தோருக்கும் வரும், அங்கேயே மேசையில் கிடக்கும். கேட்டு வாங்கி வாசிக்கலாம் என்றே எனக்கு அதுவரை தெரியாது. அதிபர் சேவைப் பரீட்சை அறிவித்தலைப் பிறகு நான் கண்டது அப்படி ஒரு வர்த்தமானியில்தான். விண்ணப்பித்தேன், எழுதினேன், சித்தியடைந்தேன். சின்னப் பாடசாலை ஒன்றுக்கு அதிபராக இருந்துதான் ஓய்வு பெற்றேன்.

அந்த மூன்று கேள்விகளை என்ன செய்வது என்றும் அவரிடம் கேட்டேன். என் அறைத்தோழி ஒருத்தி ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். பெரிய ரீச்சர் சொன்னது இது: “கேட்டால் சொல்லு. ஒளிச்சால் உன்னைத் தேடிக்கொண்டு திரிவினம், நீயும் பயந்துகொண்டு திரிவாய். சொல்லிப்போட்டால் அவையின்ரை வேலை முடிஞ்சுது. உன்ரை வேலையை நீ பாரன்.” எல்லாருக்கும் இது முடியாது என்று எனக்குத் தெரியும். ஒளித்தவர்களை நான் குற்றம் சொல்லவும் மாட்டேன். எனக்கு அது தைரியம் தந்தது.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி போரால் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் பெயர்ந்தபோது, நான் மழைக்குள் கொண்டுபோன பையில் பிள்ளைகளின் உடுப்பும் பொலித்தீனில் சுற்றிய ஒரு கோவையும் இருந்தன. நியமனக் கடிதம், நிரந்தரமாக்கிய கடிதம், பயிற்சிச் சான்றிதழ், ஒவ்வோர் இடமாற்றக் கடிதமும், எல்லாவற்றின் கொப்பியும். திரும்பி வந்தபோது எத்தனையோ கந்தோர்களில் கோவைகள் இல்லை. சேவைக்காலத்தை நிரூபிக்க ஆசிரியைகள் வருடக்கணக்காக அலைந்தார்கள். நான் அலையவில்லை. பெரிய ரீச்சர் அதற்குள் காலமாகிவிட்டார். அவரிடம் போய்ச் சொல்ல முடியாமல் போனது எனக்கு இன்றைக்கும் மனக்குறை.

வெளி உலகத்தில் இதே நிலையில் இருந்த பெண்கள் என்ன செய்தார்கள் என்று நான் தேடி வாசித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். அமெரிக்காவின் கறுப்பினப் பெண்களின் கதையைப் படித்தபோது பல இடங்களில் என் ஆசிரியர் அறை கண்முன் வந்தது.

டொரத்தி வோன் என்று ஒரு கணித ஆசிரியை. வேர்ஜீனியா மாநிலத்தில் ஃபாம்வில் என்ற ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான உயர்நிலைப் பாடசாலையில் படிப்பித்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943 இல், லாங்லி விமான ஆராய்ச்சி நிலையத்தில் கணக்குப் போடும் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் கணினி என்றால் பெண்கள்தான். காகிதமும் பென்சிலும் கணக்கிடும் பொறியும் வைத்துக்கொண்டு விமான இறக்கைகளுக்குக் கணக்குப் போடுவார்கள். கறுப்பினப் பெண்களுக்குத் தனிப் பகுதி, தனி மலசலகூடம், சாப்பாட்டு அறையில் தனி மேசை. அந்த மேசையில் அது கறுப்பினத்தவருக்கு என்று ஓர் அட்டை வைத்திருந்தார்கள். மிரியம் மான் என்ற பெண் அந்த அட்டையை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார். நிர்வாகம் இன்னோர் அட்டை வைக்கும். அதையும் எடுப்பார். கடைசியில் நிர்வாகம் அட்டை வைப்பதை விட்டுவிட்டது. இதை வாசித்த அன்று நான் நித்திரை கொள்ளவில்லை. எங்கள் மேசையில் அட்டை இருக்கவில்லை. இருந்திருந்தால் நானும் எடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

1949 இல் டொரத்தி அந்தப் பகுதிக்குத் தலைவியானார். அவர் செய்த இரண்டு வேலைகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. தன் பகுதிப் பெண்களுக்கு எந்த வேலை பொருத்தம் என்று பார்த்துப் பொறியியலாளர்களிடம் அவர்களைப் பெயர் சொல்லி அனுப்பினார், சம்பள உயர்வுக்காகப் பேசினார். பிறகு மின்னணுக் கணினி வந்தபோது, இந்த இயந்திரம் எங்கள் பெண்களின் வேலையை எடுத்துவிடும் என்று முன்கூட்டியே கண்டு, ஃபோட்ரான் என்ற கணினி மொழியைத் தானே படித்தார், படித்ததை மற்றவர்களுக்கும் படிப்பித்தார். 1958 இல் தனிப்பகுதி கலைக்கப்பட்டபோது அந்தப் பெண்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை.

அவருடைய பகுதிக்கு 1951 இல் வந்தவர் மேரி ஜக்சன். அவரும் முன்பு ஆசிரியை. காசிமிர் சார்னெக்கி என்ற வெள்ளை இனப் பொறியியலாளர் அவருடைய திறமையைக் கண்டு, பொறியியல் படியும் என்று தூண்டினார். வகுப்பு நடந்தது வெள்ளைப் பிள்ளைகளுக்கான பாடசாலைக் கட்டடத்தில். உள்ளே போக மேரி நகர நிர்வாகத்திடம் விசேட அனுமதி கேட்டு வாங்கினார். 1958 இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியியலாளர் ஆனார். 1979 இல் அவர் எடுத்த முடிவை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. தன் பதவியில் இருந்து ஒரு படி கீழே இறங்கி, மற்றப் பெண்களின் நியமனத்தையும் பதவி உயர்வையும் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார். இன்று வாஷிங்டனில் நாசாவின் தலைமையகம் அவர் பெயரில் இருக்கிறது.

மேரிக்கு இரண்டு விதமான ஆட்கள் தேவைப்பட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கதவைத் திறக்க அதிகாரம் உள்ளவர் ஒருவர். அந்தக் கதவுக்குள் போனால் என்ன நடக்கும் என்று தன் உடம்பில் பட்டு அறிந்த பெண் இன்னொருவர். எனக்கும் இரண்டும் கிடைத்தன. கலாசாலையில் ஒரு விரிவுரையாளர் இருந்தார், உயர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் சமூகத்தவர், மிக நல்ல மனிசி. என் பாடக் குறிப்பை வகுப்பு முழுவதற்கும் எடுத்துக் காட்டினார். என்னைக் கருத்தரங்குகளுக்கு அனுப்பினார். ஆனால் சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றி அவரிடம் சொன்னபோது, “சீச்சீ, உந்தக் காலத்திலை ஆர் அப்பிடிப் பாக்கினம்? நீர்தான் கனக்க யோசிக்கிறீர்” என்றார். அன்போடுதான் சொன்னார். எனக்கு என் கண்ணிலேயே சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அதையே பெரிய ரீச்சரிடம் சொன்னபோது அவர் சிரித்தார், பிறகு தன் கதையைச் சொன்னார். தான் படிப்பித்த இடத்தில் தண்ணிப் பேணி வேறாக இருந்ததை. எனக்கு நடந்தது நடந்ததுதான் என்று அப்போதுதான் உறுதியானது. அனுபவப்பட்ட ஒருவரால் மட்டும் தரக்கூடியது இது. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த விரிவுரையாளரால் தந்திருக்க முடியாது.

ஏன் இப்படிப்பட்ட பெண்கள் நடுவில் அகப்பட்டுப் போகிறார்கள் என்பதைக் கிம்பர்லி கிரென்ஷோ என்ற கறுப்பினச் சட்டப் பேராசிரியர் 1989 இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அவர் எடுத்துக்காட்டிய வழக்குகளில் ஒன்று ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்துக்கு எதிராக ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்து, 1976 இல் தீர்ப்பு வந்தது. 1964 க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது கடைசியில் வந்தவர்களை முதலில் அனுப்பினார்கள், ஆகவே 1970 க்குப் பிறகு எடுக்கப்பட்ட கறுப்பினப் பெண்கள் எல்லாரும் போனார்கள். நீதிமன்றம் என்ன சொன்னது? நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறது, ஆகவே பெண் என்ற பாகுபாடு இல்லை. இனப் பாகுபாட்டுக்கு வேறு வழக்கு இருக்கிறது, அதோடு சேருங்கள். இரண்டையும் சேர்த்துப் புதுவகை முறைப்பாடு செய்ய முடியாது. எடுத்த பெண்கள் வெள்ளைப் பெண்கள், வேலையில் இருந்த கறுப்பினத்தவர் ஆண்கள். இரண்டுமாக இருந்தவள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

எங்கள் கதையும் இதுதான். ஆசிரியர் சங்கம் சம்பளத்துக்காகப் போராடும். பெண்கள் அமைப்பு பெண்களுக்காகப் பேசும், ஆனால் அதன் கூட்டத்தில் என் கோயில் எது என்று தெரிந்த பெண்களே முன்வரிசையில் இருப்பார்கள். சாதி எதிர்ப்பு இயக்கத்தில் ஆண்கள் பேசுவார்கள், நாங்கள் தேத்தண்ணி ஊற்றுவோம். மூன்று இடத்திலும் எனக்கு மரியாதை உண்டு. மூன்று இடத்திலும் என் முழுக் கதையைச் சொல்ல இடமில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. இலங்கை அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சாதியின் பேரில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. கடைகள், உணவகங்கள், தன் மதத்தின் வழிபாட்டிடங்கள் எல்லாவற்றுக்கும் போகும் உரிமையையும் அது சொல்கிறது. ஆனால் என் பெட்டியில் இருந்து ஒரு கரண்டிக் கறி எடுக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டளையிட முடியாது. என் மகளின் சாமத்தியச் சடங்குக்குப் பாடசாலையில் எல்லாரையும் அழைத்தேன். வந்தார்கள், மொய்யும் எழுதினார்கள், பிள்ளையை வாழ்த்தினார்கள். சோடாப் போத்தலும் தோல் உரிக்காத வாழைப்பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டில் சமைத்த சோறு அண்டாவில் மிஞ்சியது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடுகளுக்கு வருகிறவர்களின் வழக்கம் இது, வயது வந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். இப்போது குறைந்திருக்கிறது. முற்றாகப் போய்விடவில்லை.

அமெரிக்கப் பெண்களுக்கும் எங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. 1896 இலேயே அவர்கள் கறுப்பினப் பெண்களின் தேசியச் சங்கத்தை அமைத்தார்கள். மேரி சேர்ச் டெரல் அதன் முதல் தலைவி. நாங்கள் ஏறும்போதே மற்றவர்களையும் ஏற்றிவிடுவோம் என்பது அவர்களின் மகுடவாசகம். 1908 இல் ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவிகள் தங்களுக்கென்று அல்ஃபா கப்பா அல்ஃபா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள், படித்து முடித்த பிறகும் வாழ்நாள் முழுவதும் அதில் உறுப்பினர். அவர்களால் பெயர் வைக்க முடிந்தது. தோலின் நிறத்தை மறைக்க முடியாது, ஆகவே மறைக்க வேண்டிய சுமையும் இல்லை. எங்களுடையதை மறைக்கலாம். மறைக்க முடிவதால்தான் நாங்கள் ஒன்றுகூட முடியாமல் இருக்கிறோம். எங்கள் சமூகத்து ஆசிரியைகள் சங்கம் என்று ஒரு பலகை மாட்டினால், அடுத்த நாள் யார் யார் வந்தார்கள் என்று ஊர் எண்ணும். கொழும்பில் வேலை செய்யும் மகனின் கலியாணப் பேச்சில் அது வந்து நிற்கும். குடிசன மதிப்பீட்டில் சாதி கேட்கப்படுவதில்லை, இலங்கையில் சாதி அடிப்படையில் இடஒதுக்கீடும் இல்லை. ஆகவே நாங்கள் எத்தனை பேர், எத்தனை பேர் அதிபரானோம், எத்தனை பேர் கல்வி நிர்வாக சேவைக்குப் போனோம் என்று சொல்ல ஒரு தாளும் கிடையாது.

பலகை இல்லாமலே நாங்கள் கூடினோம். விடுதி அறையில் தொடங்கிய நட்பு ஒரு சீட்டாக மாறியது. மாதம் ஒருத்தி வீட்டில் சீட்டு எடுப்போம். காசு ஒரு சாட்டு. சீட்டுக் காசை எண்ணி முடித்த பிறகு கோவைகள் வெளியே வரும். யாருடைய சம்பள ஏற்றம் நிற்கிறது, யார் மேன்முறையீடு எழுதவேண்டும், யாருக்கு இங்கிலிஷ் கடிதம் விளங்கவில்லை. ஒருத்தி பரீட்சைக்குப் படிக்கும்போது மற்றவள் அவளுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். அழவேண்டியவள் அழுவாள். அங்கே எல்லாரும் எல்லாருடைய சமையலும் சாப்பிட்டோம். அந்தச் சீட்டில் இருந்து அதிபர்களும் ஆசிரிய ஆலோசகர்களும் வந்திருக்கிறார்கள். போர், இடப்பெயர்வு, வெளிநாடு என்று சிலர் சிதறினார்கள். சிலர் தாங்களாகவே விலகினார்கள். மேலே போன பிறகு எங்களோடு காணப்படுவது அவர்களுக்குச் சங்கடம். அவர்கள் வீட்டு நிலைமை எனக்கு விளங்கும். ஆனாலும் வருத்தம். ஒவ்வொருத்தி விலகும்போதும் பின்னால் வரும் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய ரீச்சர் இல்லாமல் போகிறார்.

இன்றைய பிள்ளைகளுக்கு நிலைமை மாறியிருக்கிறதா? கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறுபயில்வு செய்கிறார்கள். அதைக் கவனிக்க வழிகாட்டும் ஆசிரியர் ஒருவர் ஒதுக்கப்படுகிறார். எங்கள் காலத்தில் இல்லாத நல்ல ஏற்பாடு அது. பாடக் குறிப்பும் வகுப்பறையும் சீராகும். ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரம் எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் வராது. சாதிப் பெயரை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால் சாதி போய்விட்டது என்று நினைக்கும் வழிகாட்டிக்கு, ஒரு பிள்ளை ஏன் ஆசிரியர் அறைக்கு வராமல் வகுப்பிலேயே இருந்து சாப்பிடுகிறாள் என்பது விளங்காது. போன வருடம் ஒரு பிள்ளை என்னிடம் வந்தாள், முதல் நியமனம் கிடைத்துச் சில மாதம். வேலையை விடப்போகிறேன் அம்மம்மா என்றாள். தொடக்கத்தில் காரணம் சொல்லவில்லை. நான் அவளிடம் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டார்களா என்று கேட்டேன். அழத் தொடங்கினாள். இப்போது வேலையில் இருக்கிறாள், இங்கிலிஷ் டிப்ளோமாவும் படிக்கிறாள்.

எங்கள் சமூகத்துப் பெண் ஒருத்திக்கு வழிகாட்டுவது என்றால் என்ன என்று என்னிடம் கேட்கிறார்கள். அவளுடைய கோவையைத் திறந்து பார்க்கத் தெரியவேண்டும். அவளுக்கு நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லாமல் கேட்கத் தெரியவேண்டும். கூட்டத்தில் அவள் சொன்ன யோசனையை இன்னொருவர் தன் யோசனையாகச் சொன்னால், அது அந்தப் பிள்ளை சொன்னது என்று எழும்பிச் சொல்லும் துணிவு வேண்டும். பதவி உயர்வுக்குப் பெயர் கேட்கும்போது அவள் பெயர் வாயில் வரவேண்டும். அவள் வீட்டில் சாப்பிடவும் வேண்டும். இதற்கு அந்தச் சமூகத்தில்தான் பிறந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் பிறந்தவர்களுக்குக் கடமை கூட.

ஓய்வு பெற்ற, ஓய்வை நெருங்கும் ஆசிரியைகளுக்கும் தாதிமாருக்கும் கந்தோரில் வேலை செய்யும் பெண்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணை தொடங்கும்போது உங்கள் ஊர்ப் பாடசாலைக்கோ வைத்தியசாலைக்கோ பிரதேச செயலகத்துக்கோ முதல் நியமனத்தில் ஒரு பிள்ளை வருவாள். வீட்டில் அவளுக்கு முன் எவரும் உத்தியோகம் பார்த்திருக்க மாட்டார்கள். பெயரைக் கேளுங்கள், உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். வரும்போது கடிதங்கள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.